சட்டைப் பையில் பாதித் தகடு

வாயுவைக் கொண்டு நெருப்பை அணைக்கும் தொழிலில் ஒரு சௌகரியம் உண்டு: ஒழுங்காக வேலை செய்தால் ஒன்றுமே நடக்காது, ஒழுங்காகச் செய்யாவிட்டாலும் பெரும்பாலும் ஒன்றுமே நடக்காது, ஆகவே நான் இதில் எந்த ரகம் என்று கண்டுபிடிக்க என் கம்பெனிக்கு வெகுகாலம் பிடித்தது.

எண்பதுகளில் ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் ஆறு வருஷம் குப்பை கொட்டினேன். திருச்சியில் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்துவிட்டு வெல்டிங் பொறி தெறித்தாலே இரண்டடி பின்னால் போகிற ஆள் நான். என்னை எதற்குத் தீயணைப்புக் கம்பெனிக்கு எடுத்தார்கள் என்பது இன்றுவரை விளங்கவில்லை. தண்ணீர் ஊற்ற முடியாத இடங்கள் உலகத்தில் நிறைய இருக்கின்றன. கம்ப்யூட்டர் அறை, மின்சார ஸ்விட்ச் அறை, தொலைபேசி நிலையத்தில் கேபிள்கள் வந்து குவிகிற நிலவறை. அங்கெல்லாம் நெருப்பு மிச்சம் வைத்ததைத் தண்ணீர் கெடுத்துவிடும். அதனால் பக்கத்து அறையில் ஆளுயர சிலிண்டர்களை வரிசையாக நிறுத்தி, குழாய் இழுத்துவிடுவோம். கூரையில் இருக்கும் கருவிகள் இரண்டு சேர்ந்து 'புகை' என்று சொன்னால் ஹாரன் அலறும். முப்பது விநாடி அவகாசம். அதற்குள் மனிதர்கள் வெளியே ஓடிவிட வேண்டும். பிறகு வாயு பாய்ந்து அறையை நிரப்பும், நெருப்பு மூச்சு முட்டிச் செத்துப்போகும். உள்ளே மனுஷன் நின்றாலும் அதே கதிதான்.

பெரும்பாலும் கரியமில வாயு, சோடாவில் இருக்கிற அதேதான். கம்ப்யூட்டர் அறைக்கு மட்டும் ஹாலோன் என்று ஒன்று. அது ஆகாயத்தையே ஓட்டை போடுகிறது என்று பிற்காலத்தில் நிறுத்திவிட்டார்கள். கம்பெனி பெயர் போட்ட சட்டையோடு அந்த வெயிலில் நின்று, வாடிக்கையாளரிடமும் மேனேஜரிடமும் மாறி மாறி வாங்கிக் கட்டிக்கொண்ட அன்பர்கள் எல்லாரும் என் இனம். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தகடும் பாஸ்போர்ட்டும்

சிலிண்டர் அறைக்குள் வேலை செய்யும்போது கை தவறி வாயு திறந்துகொண்டால் நாம் காலி. அதனால் உள்ளே போனதும் முதல் வேலை, தலைமை சிலிண்டரின் வால்வில் ஒரு இரும்புப் பின்னைச் செருகுவது. பின் இருக்கும்வரை உலகமே எரிந்தாலும் வாயு வராது. ஆபத்து என்னவென்றால், வேலை முடிந்து பின்னை எடுக்க மறந்தாலும் வாயு வராது. சுவரில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், பார்க்கிறவர்களுக்கு எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும்.

இதற்கு எங்கள் கம்பெனியில் ஒரு ஏற்பாடு. ஒவ்வொரு பின்னுக்கும் நம்பர் போட்ட சிவப்புத் தகரத் தகடு, இரண்டு பாதியாக. ஒரு பாதி பின்னோடு தொங்கும், மறு பாதி நம் சட்டைப் பையில். வேலை முடிந்து இரண்டு பாதியையும் சேர்த்துக் கொண்டுவந்து ஆபீஸில் கனகரட்ணம் அண்ணனிடம் கொடுக்க வேண்டும். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், ஸ்டோர் கீப்பர். பலகையில் அந்த நம்பர் ஆணியில் தகட்டை மாட்டி, ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுவார். எங்கள் பாஸ்போர்ட்டுகள் இருந்த இரும்பு அலமாரியும் அந்தப் பலகைக்குப் பக்கத்திலேயே இருந்தது, சாவி அவரிடம். முதல் நாள் எனக்கு இதையெல்லாம் விளக்கிவிட்டு, கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்து அவர் சொன்னது:

"லீவுக்குப் போறதெண்டால் தகடு எல்லாம் ஆணியில தொங்கவேணும் தம்பி. தகடு வந்தாத்தான் பாஸ்போட்."

நாற்பது ஜோடிச் செருப்பு

ஒரு வங்கியின் கம்ப்யூட்டர் அறையில் ஒத்திகை. வாயு இல்லை, வெறும் ஹாரன்தான். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்குக் கோயில் மரியாதை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நான் எல்லாரையும் நிற்க வைத்து அரை மணி நேரம் பிரசங்கம் செய்தேன். "ஹாரன் கேட்டால் எதையும் எடுக்காதீர்கள், யாரையும் தேடாதீர்கள், முப்பது விநாடியில் வெளியே இருக்க வேண்டும்" என்று மூன்று பாஷையில் சொன்னேன். நடுவில் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினேன். எல்லாரும் தலையாட்டினார்கள்.

ஹாரன் அலறியது. பத்து விநாடியில் அத்தனை பேரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் வாசலைத் தாண்டி ஒருவரும் போகவில்லை. நாற்பது ஜோடிச் செருப்பில் அவரவர் ஜோடியை அவரவர் தேடிக்கொண்டிருந்தார்கள். பின்னால் வந்தவர்கள் முன்னால் குனிந்தவர்கள் மேல் ஏறி நின்றார்கள். நானும் நெருக்கியடித்து வெளியே வரப் பார்த்தேன். முப்பது விநாடி முடிந்து மணி அடித்தபோது, உள்ளேயே இருந்து செத்துப்போனதாகக் கணக்கானவர்கள் இருபத்தாறு பேர், அதில் நானும் ஒருவன். வங்கியின் மேலாளர், மயிலாப்பூர்க்காரர், என் கையைப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"மிஸ்டர் சேகர், நீங்க கையில வெச்சிண்டிருக்கறது என்னோட செருப்பு."

ஒரு தூசிகூட அசையாது

இது நிஜமாகவே வாயுவைத் திறந்து காட்டிய கதை. ஒரு வியாபாரக் கம்பெனி புதிதாகக் கட்டிய கம்ப்யூட்டர் அறையில் ஹாலோன் சோதனை. அதன் நிர்வாகி அபு ஹமத், வெள்ளை வெளேர் என்ற கந்தூரா அங்கியில் வந்திருந்தார். "உள்ளே மேஜையெல்லாம் ஒதுக்கட்டுமா? காகிதங்களை எடுக்கட்டுமா?" என்று நல்ல மனசோடு கேட்டார். "வேண்டவே வேண்டாம், இது தண்ணீர் இல்லை, வாயு. ஒரு தூசிகூட அசையாது" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அன்று காலையில்தான் அந்த வாக்கியத்தை ஒரு விளம்பரப் புத்தகத்தில் படித்திருந்தேன்.

பத்து விநாடியில் அவ்வளவு வாயுவும் ஓர் அறைக்குள் பாய்ந்தால் என்ன ஆகும் என்பதை அந்தப் புத்தகத்தில் போடவில்லை. வெடி வைத்தது மாதிரி ஒரு சத்தம். கண்ணாடி வழியாகப் பார்த்தால் உள்ளே பனிமூட்டம். கதவைத் திறந்து காற்றோட்டம் விட்டுப் பிறகு உள்ளே போனோம். பொய்க்கூரையின் பலகைகள் பாதிக்கு மேல் கழன்று மேஜைகள்மேல் கிடந்தன. கூரைக்கு மேலே பூச்சு வேலைக்காரர்கள் விட்டுப் போயிருந்த சுண்ணாம்புத் தூசி மூட்டைக் கணக்கில் இறங்கியிருந்தது. ஓரத்தில் துளையிட்ட கம்ப்யூட்டர் காகிதம் மடிப்பு மடிப்பாக அவிழ்ந்து, அறையைச் சுற்றி வந்து மின்விசிறியில் தோரணம் கட்டியிருந்தது. நான் அண்ணாந்து பார்த்த நேரத்தில் கடைசிப் பலகை என் தலையில் விழுந்தது. அபு ஹமத் தன் கந்தூராவைத் தட்டிவிட்டுக்கொண்டு, அரைகுறை ஆங்கிலத்தில், கோபமே இல்லாமல் சொன்னார்:

"சேகர், இதைவிட நெருப்பு பரவாயில்லை. நெருப்பு ஒரு மூலையில் மட்டும்தான் ஆரம்பிக்கும்."

யான்புவில் ஒரு லுங்கி

சவூதியில், யான்புவில், ஒரு ஆலையின் ஸ்விட்ச் அறை வேலைக்கு எங்கள் ஆட்களோடு நானும் மூன்று மாதம் போயிருந்தேன். அந்த வளாகத்திலேயே நன்றாகக் குளிர்கிற ஏசி சிலிண்டர் அறையில்தான் இருந்தது. பரிசோதனைக்கு வந்த வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் கதவைத் திறந்தார். சிலிண்டர்களுக்கு மேலே ஓடிய குழாயில் ஒரு கட்டம் போட்ட லுங்கி காய்ந்துகொண்டிருந்தது. பறக்காமல் இருக்க அதன் ஒரு முனையைத் தலைமை சிலிண்டரின் கைப்பிடியில் முடிந்திருந்தார்கள். அவசரத்துக்கு வாயுவைத் திறக்கிற கைப்பிடி அது. யாராவது லுங்கியைச் சுண்டி இழுத்தால் அத்தனை சிலிண்டரும் திறந்துகொள்ளும்.

இன்ஸ்பெக்டர் முகம் சிவந்துவிட்டது. "இந்தப் பைத்தியக்கார வேலையைச் செய்தது யார்?" என்று கத்தினார். நான் அவரைவிட உரக்கக் கத்தினேன். பாதுகாப்பு உணர்வே இல்லாத ஜனங்கள் என்றேன், இவர்களையெல்லாம் அடுத்த விமானத்தில் ஊருக்கு ஏற்ற வேண்டும் என்றேன். காவலுக்கு இருந்த பலூச்சிக்காரன் கதவோரம் மரியாதையாக நின்றிருந்தான். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது, உதவி செய்கிற பாவனையில் உருதுவில் சொன்னான்:

"சாப், இது நேற்று நீங்கள் கட்டியிருந்ததுதானே?"

ஆயுத பூஜை

ஷார்ஜா ஒர்க்ஷாப்பில் வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்காக ஒரு மாதிரி அமைப்பு வைத்திருந்தோம். ஒரு பலகையில் இரண்டு புகைக் கருவி, ஒரு ஹாரன், ஒரு சின்ன சிலிண்டர். சின்னதென்றாலும் உள்ளே நிஜ வாயு. எப்போதும் பின் செருகியே இருக்கும். ஆயுத பூஜை அன்று நானே புரோகிதர். எல்லாக் கருவிகளுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். சிலிண்டருக்கு மாலை போடும்போது அந்தப் பின் இடைஞ்சலாக இருந்தது. எடுத்து ஓரமாக வைத்துவிட்டேன். பிறகு சாம்பிராணி போட்டேன். தாராளமாகவே போட்டேன். நெருப்புக்கு எதிரான ஆயுதத்துக்கு நெருப்பாலேயே பூஜை செய்கிறோம் என்பது எனக்கு உறைக்கவில்லை. இரண்டு புகைக் கருவிகளுக்கு உறைத்துவிட்டது.

ஷட்டர் திறந்திருந்ததால் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் வாயு பாய்ந்த வேகத்தில் பொரி, கடலை, வாழைப்பழம் எல்லாம் தெருவைத் தாண்டி எதிர்ப்பக்கக் கராஜில் போய் விழுந்தன. வெண்புகை ஆளை மறைத்தது. கனகரட்ணம் அண்ணன் சுண்டல் தட்டோடு வெறுங்காலில் ரோட்டுக்கு ஓடி, எங்கள் டிரைவர் ஜலால் பாயின் பிக்கப்பில் ஏறி, "ஜல்தி, ஜல்தி" என்று மட்டும் சொன்னாராம். எங்கே போக வேண்டும் என்று சொல்லவில்லை. ஜலால் பாய் கடற்கரைவரை கொண்டுபோய்விட்டார். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோதும் அண்ணன் அந்த சிலிண்டரை விட்டு எட்டத்தில் சுவரோரமாகவே நடந்து வந்தார். நிஜமான பயம் அது. சிரித்துக்கொண்டிருந்த நாங்கள் சிரிப்பை நிறுத்திவிட்டோம். அவர் சுண்டல் தட்டை மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"சாமியோட எனக்கொரு பிரச்சினையும் இல்லைத் தம்பி. ஆனால் சிலிண்டர் நிக்கிற அறைக்குள்ள என்ர சீவியத்தில கால் வைக்கமாட்டன்."

லீவு அவசரம்

அடுத்த ஆகஸ்டில் எனக்கு லீவு. கிளம்புகிற நாள் காலையில் ஒரு வேலை மிச்சம் இருந்தது. ஒரு தொலைபேசி நிலையத்தின் கேபிள் நிலவறை, வருஷாந்தர சர்வீஸ். எங்கள் ஆபீஸ் போன் உட்பட அந்தப் பக்கத்துப் போன்கள் எல்லாம் அந்த நிலவறை வழியாகத்தான் போகின்றன. பின்னைச் செருகினேன், வேலையைப் பார்த்தேன். ஆனால் மனசு வேலையில் இல்லை. டேப் ரெக்கார்டரை எந்தப் பெட்டியில் வைப்பது, போர்வையை எப்படிக் கட்டுவது, நாலு வயசு மகளுக்கு வாங்கிய கரடி பொம்மை கஸ்டம்ஸில் தப்புமா என்று ஒரே யோசனை. வெளியே ஜலால் பாய் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். பின்னை எடுத்து டூல் பாக்ஸில் போட்டதாகவே என் நினைப்பு.

ஆபீஸுக்கு ஓடி வந்து பாஸ்போர்ட் கேட்டேன். கனகரட்ணம் அண்ணன் பலகையைப் பார்த்தார். இருபத்துமூன்றாம் நம்பர் ஆணி காலி. "வண்டியில டூல் பாக்ஸ்ல இருக்குண்ணே, இறங்கறப்ப ஜலால் பாய்கிட்ட குடுத்துடறேன், கையெழுத்து போட்டுடுங்க" என்றேன். நாலு வருஷத்தில் யாருக்காகவும் அவர் அந்த விதியை வளைத்ததில்லை. பொய்க் கையெழுத்துக்கு அங்கே ஒரே தண்டனை, விசா ரத்து. ஊரில் நிலைமை கெட்டு அவருடைய மனைவியும் பிள்ளைகளும் கொழும்புக்கு வந்து, சொந்தக்காரர் வீட்டில் ஒண்டியிருந்தார்கள். அவர்களைப் பார்த்து இரண்டரை வருஷம் ஆகியிருந்தது. சுவரில் ஒட்டியிருந்த லீவுப் பட்டியலில் அவர் பெயர் டிசம்பரில் இருந்தது. மனுஷன் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். பாஸ்போர்ட்டை என் கையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"ஓடுங்கோ தம்பி. பிள்ளை வாசல்ல நிண்டு பாத்துக்கொண்டிருப்பா."

சீடை வெடித்தது

நான் ஊருக்குப் போன மூன்றாம் நாள் கோகுலாஷ்டமி. அடுப்படியில் என் மனைவி ராஜி சீடைக்கு உருட்டி வைத்திருந்தாள். நடுவில் நான் போட்டு வந்த சட்டையை ஊறவைக்க எடுத்தவள், பையிலிருந்து எதையோ எடுத்து, "என்னங்க இது, நாய்க்கு முனிசிபாலிட்டியில கட்டுவாங்களே, அந்த வில்லையா?" என்று என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். சிவப்புத் தகரம். பாதி. நம்பர் இருபத்துமூன்று. ஏர்போர்ட்டில் இறங்கியபோது ஜலால் பாயிடம் எதையும் கொடுக்காமலே ஓடியிருந்தேன்.

ஒரு பாதி என் கையில் இருக்கிறதென்றால் மறு பாதி பின்னோடு அங்கேயே தொங்குகிறது. மூன்று நாளாக அந்த நிலவறைக்குப் பாதுகாப்பே இல்லை. பச்சை விளக்கு சமர்த்தாக எரிந்துகொண்டிருக்கும். ஒரு வயர் புகைந்தால் போதும், ஒரு ஊரின் பேச்சு மொத்தமும் சாம்பல். அதற்கு அடியில் கனகரட்ணம் அண்ணனின் கையெழுத்து. சரியாக அந்த நேரத்தில் அடுப்படியில் 'டமார்' என்று ஒரு சத்தம். எண்ணெயில் முதல் சீடை வெடித்தது. நான் மகளைத் தூக்கிக்கொண்டு, "எல்லாரும் வெளியே! முப்பது விநாடிதான்!" என்று கத்தியபடி தெருவில் போய் நின்றேன். அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்த்தார்கள். ராஜி ஜல்லிக்கரண்டியோடு வாசலுக்கு வந்து கேட்டாள்:

"நெருப்பு அணைக்கிற வேலைன்னு சொல்லித்தானே எங்கப்பாகிட்ட பொண்ணு கேட்டீங்க?"

ட்ரங்க் கால்

தந்தி ஆபீஸில் கால் புக் செய்துவிட்டு நாலு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என் வேண்டுதல் எல்லாம் ஒன்றுதான், போனை அண்ணன் எடுக்க வேண்டும். எடுத்தது மேத்யூ சார். எங்கள் மேனேஜர், கோட்டயத்துக்காரர். "எந்தா சேகரே, என்ன விஷயம்?" என்றார். உண்மையைச் சொன்னால் அண்ணன் வேலை போய்விடும். வாய்க்கு வந்தது சீடைதான். "சார், கனகரட்ணம் அண்ணனுக்கு முறுக்கு வேணுமா சீடை வேணுமான்னு கேக்கணும்" என்றேன். "எனக்கு சீடை மதி" என்று, தனக்குச் சீடையே போதும் என்பதை மலையாளத்தில் சொல்லிவிட்டு, சார் அண்ணனைக் கூப்பிட்டார்.

"அண்ணே, இருபத்துமூணு என் பையில இருக்கு. பின் அங்கேயே இருக்கு" என்று ஒரே மூச்சில் சொன்னேன். கூட வேலை தெரிந்த மற்ற இருவரும் யான்புவில் இருந்தார்கள், அது எனக்கும் தெரியும் அவருக்கும் தெரியும். ஜலால் பாயை அனுப்பலாம் என்றால் அவரை நிலையத்தின் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். "அண்ணே?" என்றேன். "சரி தம்பி" என்று மட்டும் கேட்டது. அப்புறம் 'கடக்' என்று லைன் செத்துப்போனது. நான் எழுந்து நின்றுவிட்டேன். அந்தக் கம்பி அந்த நிலவறை வழியாகத்தானே வருகிறது! கவுண்டருக்கு ஓடி, "லைன் ஏன் கட்டாச்சு? அங்க நெருப்பு பிடிச்சிருச்சா?" என்று கண்ணாடியைத் தட்டினேன். உள்ளே இருந்த அம்மாள் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்:

"சார், உங்க மூணு நிமிஷம் முடிஞ்சிருச்சு."

கையெழுத்து

அடுத்த இரண்டு நாள் நான் சாப்பிட்டதும் தெரியாது, தூங்கியதும் தெரியாது. மூன்றாம் நாள் தந்தி வந்தது. 'இருபத்துமூன்று வந்து சேர்ந்தது. சீடை கொண்டுவரவும்.' அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. லீவு முடிந்து, சீடை டின்னோடு ஷார்ஜாவில் இறங்கினேன். அண்ணன் எப்படியோ ஓசைப்படாமல் காரியத்தை முடித்துவிட்டார் என்று சந்தோஷமாகவே ஆபீஸுக்குள் போனேன். சுவரில் லீவுப் பட்டியல். டிசம்பரில் இருந்த கனகரட்ணம் என்ற பெயரை அடித்து, அடுத்த ஜூனில் எழுதியிருந்தார்கள்.

நடந்ததை ஜலால் பாய்தான் சொன்னார். போனை வைத்ததும் அண்ணன் ரிஜிஸ்டரைத் திறந்து, தன் கையெழுத்துக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் 'தகடு வராமல் கையெழுத்துப் போட்டது என் பிழை' என்று எழுதி, நேரே மேத்யூ சாரிடம் கொண்டுபோய் நீட்டினாராம். சார் போட்ட சத்தம் எதிர்ப்பக்கக் கராஜ்வரை கேட்டதாம். தானாக வந்து சொன்னதால் விசாவை விட்டுவிட்டு லீவில் கை வைத்தாராம். வேறு ஆள் இல்லை, நானே போகிறேன் என்று அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறினாராம். சிலிண்டர் அறை வாசலில் ஐந்து நிமிஷம் நின்றாராம். பிறகு கோயிலுக்குப் போகிற மாதிரி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாராம். ஏசி அறையிலிருந்து வெளியே வந்தபோது சட்டை தொப்பலாக நனைந்திருந்ததாம். அந்த இரும்புப் பின் உள்ளங்கையில் பதிந்து ரத்தம் கட்டும் அளவுக்கு அதை இறுக்கிப் பிடித்திருந்தாராம்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. அண்ணனிடம் போய், "நான் அவ்வளவு கஷ்டப்பட்டு சீடை, முறுக்குன்னு மறைச்சேனே, நீங்க ஏண்ணே சொன்னீங்க?" என்றேன். "சீடைக்காக நீங்கள் ட்ரங் கோல் எடுப்பீங்களெண்டு அந்த மனுசன் நம்பினவரெண்டோ நினைக்கிறீங்கள்?" என்று சிரித்தார். பிறகு என் கையிலிருந்த பாதித் தகட்டை வாங்கி, தன் மேஜையிலிருந்த மறு பாதியோடு பொருத்தி, ஆணியில் மாட்டினார். மாட்டிக்கொண்டே சொன்னார்:

"பின் உங்கட. கையெழுத்து என்ரதுதானே தம்பி."

அடுத்த சீடை

சீடை டின்னை எடுத்துக்கொண்டு மேத்யூ சார் அறைக்குப் போனேன். டின்னை மேஜையில் வைத்துவிட்டு, தப்பு என்னுடையது, அண்ணனுக்கு டிசம்பரைத் திருப்பிக் கொடுங்கள், அதற்குப் பதில் என் அடுத்த லீவை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். இதைச் சொல்லும்போது குரல் கம்பீரமாக இருக்க வேண்டும் என்று ஒத்திகை பார்த்திருந்தேன். பாதியில் உடைந்துவிட்டது. மகள் விமான நிலையத்தில் கரடி பொம்மையோடு நின்றது கண்ணுக்குள் வந்துவிட்டது. சார் டின்னைத் திறந்து ஒரு சீடையை வாயில் போட்டுக் கடித்தார். சாவகாசமாக எழுந்து போய்ப் பட்டியலில் அண்ணன் பெயரைப் பழையபடி டிசம்பரில் எழுதினார். அடுத்த ஆகஸ்டில் இருந்த என் பெயரை ஒரே கோட்டில் அடித்தார். பேனாவை மூடிவிட்டு, மலையாளத்தில் சீடையைப் பாராட்டிச் சொன்னார்:

"சீடை கொள்ளாம், சேகரே. அடுத்த சீடை ரெண்டு வருஷம் கழிஞ்ஞு மதி."

டிசம்பர்

அண்ணன் கொழும்புக்குக் கிளம்புகிற நாள். அவர் இல்லாத நாற்பது நாளும் பலகைக்கும் அலமாரிச் சாவிக்கும் பொறுப்பு யார் என்று பார்த்தால், மேத்யூ சார் என் பெயரைப் போட்டிருந்தார். அது தண்டனையா நம்பிக்கையா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நானே அலமாரியைத் திறந்து அண்ணனின் பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினேன். வெளியே ஜலால் பாய் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளுக்கு வாங்கிய சாமான்கள் பெட்டிக்கு மேல் கயிறு போட்டு நின்றன. "நேரமாச்சுண்ணே, ஓடுங்க, பிள்ளைங்க வாசல்ல நிப்பாங்க" என்றேன்.

அவர் பாஸ்போர்ட்டை வாங்கவில்லை. பலகை முன்னால் போய் நின்று முதல் ஆணியிலிருந்து கடைசி ஆணிவரை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணினார். எல்லாம் இருந்தது. ரிஜிஸ்டரைப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் என் முன்னால் வந்து நின்றார். இரண்டரை வருஷமாக, அதற்கு மேலும் சில மாதமாக, அந்த விமானத்துக்குக் காத்திருந்த மனுஷன், ஹாரன் சத்தத்தைக் காதில் போட்டுக்கொள்ளாமல், கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்துச் சொன்னார்:

"முதல்ல அந்தச் சட்டைப் பையைத் திருப்பிக் காட்டுங்கோ தம்பி. பிறகு நான் போறன்."

ஆறு வருஷம் அந்தப் பக்கத்து இயந்திரங்களையெல்லாம் நெருப்பிடமிருந்து நான் காப்பாற்றினேன், என்னிடமிருந்து அவற்றைக் கனகரட்ணம் அண்ணன் காப்பாற்றினார்.